காசநோய்க் கிருமியைக் காட்டிக்கொடுப்பது எது: புரதமா, கொழுப்பா?

காசநோய்க் கிருமியை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது அதன் கொழுப்பு செய்யும் வேலையைத்தான். சளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவிக் காயவைத்து, சிவப்பு நிற கார்பால் ஃபுக்சினை ஊற்றி, அடியில் சுடர் காட்டி ஆவி கிளம்பும்வரை சூடாக்குவார்கள். பிறகு 25 சதவீத சல்ஃப்யூரிக் அமிலத்தால் கழுவுவார்கள். சளியில் உள்ள மனித செல்களும் பெரும்பாலான மற்ற பாக்டீரியாக்களும் அந்த அமிலத்துக்கு முன்னால் சாயத்தை விட்டுவிடும். காசநோய்க் கிருமி மட்டும் விடாது. கடைசியாக மெத்திலீன் நீலத்தை ஊற்றிப் பார்த்தால், நீலப் பரப்பில் ஒன்றிரண்டு சிவப்புக் குச்சிகள், சில சமயம் சேர்ந்து கிடக்கும் சுள்ளிகளைப் போல. அவற்றை முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சாயத்தைப் பிடித்துவைத்திருப்பது மைக்காலிக் அமிலம் என்னும் நீண்ட கொழுப்பு. நம் சமையல் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் அணுக்கள் இருக்கும். மைக்காலிக் அமிலத்தில் 60 முதல் 90 வரை. 1998இல் இந்தக் கிருமியின் மரபணுத் தொகுப்பை முழுவதுமாகப் படித்தபோது, சுமார் 4,000 மரபணுக்களில் ஏறக்குறைய 250 கொழுப்பைக் கட்டவும் உடைக்கவும் ஒதுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. கொழுப்பையே மதிலாகக் கட்டிக்கொண்டு வாழும் கிருமி இது.

ஆய்வகத்தில் வேலை செய்பவருக்கு இவ்வளவு பளிச்சென்று தெரிகிற அடையாளம், நம் உடலின் காவலுக்கு மட்டும் தெரியாமல் போகுமா? தெரிகிறது. ஆனால் தடுப்பூசி ஆராய்ச்சியின் பெரும்பகுதி கிருமியின் புரதத்தை நம்பியே நடந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கொழுப்பு தோற்றுப்போனதால் ஒதுக்கப்படவில்லை, அதற்கு நியாயமான தேர்வே வைக்கப்படவில்லை என்ற முடிவுக்குத்தான் நான் வருகிறேன்.

புரதத்தின் வழி

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் கிருமியை அறிவித்த ராபர்ட் கோக், 1890இல் டியூபர்குலின் என்னும் கிருமிச் சாற்றைக் கொண்டுவந்தார். மருந்தாக அது பலிக்கவில்லை, சோதனையாகப் பலித்தது. பிற்பாடு ஃபுளோரன்ஸ் சீபர்ட் அந்தச் சாற்றிலிருந்து புரதத்தைப் பிரித்துச் சுத்தப்படுத்தினார். முன்கையில் ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளவுகோல் வைத்து அளக்கிறார்களே, அந்த மாண்டோ சோதனையில் ஏற்றுவது இதைத்தான். பி.பி.டி. என்ற பெயருக்கே 'சுத்திகரித்த புரதப் பொருள்' என்றுதான் அர்த்தம். காசநோய்க்கான எதிர்ப்பை அளக்கும் கோல் அப்போதே புரதத்தில் செய்யப்பட்டுவிட்டது.

இது வேலை செய்யும் விதம் நன்றாகத் தெரிந்த ஒன்று. நுரையீரலில் கிருமியை விழுங்கிய செல், அதன் புரதத்தைத் துண்டுதுண்டாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டையும் எம்.எச்.சி. என்னும் மூலக்கூறின் பள்ளத்தில் கிடத்தி, செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, நோயெதிர்ப்புக் காவலைச் சேர்ந்த டி செல்லுக்குக் காட்டுகிறது. அடையாளம் கண்டுகொண்ட டி செல் பெருகி, மற்ற செல்களை முடுக்கிவிடுகிறது. இந்த வழி அவசியமானது என்பதற்கு எச்.ஐ.வி. பெரிய சாட்சி. சிடி4 வகை டி செல்கள் குறையக் குறைய, உடலில் அடங்கிக் கிடந்த காசநோய் தலைதூக்குகிறது.

நோயறியும் பயன்பாட்டிலும் புரதத்தின் கை ஓங்கியே இருக்கிறது. ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரு புரதங்கள் காசநோய்க் கிருமியில் உண்டு, வலுவிழந்த உயிருள்ள கிருமியால் ஆன பிசிஜி தடுப்பூசியில் இல்லை. அதனால் குழந்தையில் பிசிஜி போட்டுக்கொண்டவரையும் உண்மையில் தொற்று உள்ளவரையும் இவற்றை வைத்துப் பிரித்தறிய முடிகிறது. மைக்காலிக் அமிலத்தால் இது முடியாது, பிசிஜி கிருமியிலும் அது இருக்கிறதே. கொழுப்பின் பக்கம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்று உண்டு: கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த லாம் என்ற பொருளைச் சிறுநீரில் தேடும் சோதனை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2015இலேயே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது.

தடுப்பூசிக்கு வருவோம். இரு புரதங்களைச் சேர்த்துச் செய்த எம்72 தடுப்பூசி, தென்னாப்பிரிக்கா, கென்யா, சாம்பியாவில் ஏற்கெனவே தொற்று இருந்த சுமார் 3,500 பெரியவர்களிடம் சோதிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் நோய் வருவதை 49.7 சதவீதம் குறைத்தது என்று 2019இல் முடிவு வந்தது. மூன்றாம் கட்டச் சோதனை 2024இல் தொடங்கியது. 1921இல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்ட பிசிஜிக்குப் பிறகு இந்த அளவுக்கு நம்பிக்கை தந்த புதிய தடுப்பூசி இதுதான். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே புரத வழியில் வந்த எம்விஏ85ஏ, தென்னாப்பிரிக்கக் குழந்தைகளிடம் கிட்டத்தட்ட எந்தப் பாதுகாப்பும் தரவில்லை என்று 2013இல் தெரிந்தது.

புரத வழியில் இரண்டு சிக்கல்களைக் காண்கிறேன். ஒன்று, எம்.எச்.சி. ஆளுக்கு ஆள் வேறு. மனிதகுலத்தில் இதன் வடிவங்கள் 30,000-க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. என் செல் ஏந்திக் காட்டும் புரதத் துண்டு, உங்கள் செல்லின் பள்ளத்தில் பொருந்தாமலே போகலாம். இரண்டாவது சிக்கல்தான் என்னைத் தூங்கவிடாதது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 21 கிருமி வகைகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. டி செல்கள் அடையாளம் காணும் புரதத் துண்டுகள்தான் மிகக் குறைவாக மாறியிருந்தன. பிடிபடும் இடத்தை மாற்றிக்கொண்டு தப்பிப்பது கிருமிகளின் வழக்கம். இது மாற்றிக்கொள்ளவே இல்லை. நம் டி செல்கள் சீறியெழுந்து தாக்கும்போது நுரையீரல் குழிந்து, சளியோடு கிருமி வெளியேறி அடுத்தவருக்குப் பரவுகிறது. அப்படியானால் இந்தத் துண்டுகளைக் காட்டுவதில் கிருமிக்கே லாபம் இருக்கக்கூடும்.

கொழுப்பின் வழி

டி செல் என்றாலே புரதத்தைப் பார்ப்பது என்றுதான் வெகுகாலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 1994இல் போஸ்டனில் மைக்கேல் பிரென்னரின் ஆய்வுக்குழு அதை உடைத்தது. காசநோய்க் கிருமிச் சாற்றுக்குத் துள்ளியெழுந்த ஒரு டி செல் வகை எதைப் பார்க்கிறது என்று தேடிக்கொண்டே போனார்கள். கிடைத்தது மைக்காலிக் அமிலம். சாயத்தைப் பிடித்துவைக்கும் அதே கொழுப்பு! அதை ஏந்திக் காட்டியது எம்.எச்.சி. அல்ல, சிடி1பி என்னும் வேறொரு மூலக்கூறு.

சிடி1பியின் உள்ளமைப்பு 2002இல் தெரியவந்தது. எம்.எச்.சி.யில் இருப்பது மேலே திறந்த பள்ளம். சிடி1பியின் உள்ளே ஒன்றோடொன்று இணைந்த நான்கு சுரங்கங்கள், உட்சுவரெல்லாம் தண்ணீரை ஒதுக்கும் தன்மை. அவ்வளவு நீளமான கொழுப்பு வால் அதற்குள் வளைந்து நெளிந்து அடங்கிவிடுகிறது. வெளியே எட்டிப் பார்ப்பது தலை மட்டும்.

அந்தத் தலையை டி செல் எவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மைக்காலிக் அமிலத்தோடு ஒரு குளுக்கோஸ் சேர்ந்தது குளுக்கோஸ் மோனோமைக்கலேட். அதை அறியும் டி செல்லுக்கு, குளுக்கோஸ் இருந்த இடத்தில் மேனோஸையோ கேலக்டோஸையோ வைத்துக் காட்டினால் அது அசையவே அசையாது. மூன்றுக்கும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான். ஒரேயொரு கார்பனில் ஹைட்ராக்சில் திரும்பியிருக்கும் திசைதான் வேறு. வாலின் நீளத்தை மாற்றினால் அது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. இன்னொன்று: இந்தப் பொருளைச் செய்ய, வெளியிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸைக் கிருமி எடுத்துக்கொள்கிறது. நம் உடலுக்குள் வந்து நம் சர்க்கரையைத் தொட்ட கிருமியின் மேல் அந்தத் தடயம் பதிந்துவிடுகிறது.

சிடி1பி உள்ளிட்ட சிடி1 குடும்பத்து மூலக்கூறுகளின் பெரிய பலம், அவை ஆளுக்கு ஆள் ஏறக்குறைய மாறுவதே இல்லை என்பது. மதுரையில் இருப்பவருக்கும் கேப்டவுனில் இருப்பவருக்கும் ஒரே சுரங்கம். 2013இல் இன்னும் வியப்பான செய்தி வந்தது: ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்களின் உடலிலும், மைக்காலிக் கொழுப்பைப் பார்க்கும் சில டி செல்கள் அடையாளம் காண உதவும் ஏற்பி என்னும் மூலக்கூறை ஏறத்தாழ ஒரே வடிவில் சுமந்திருக்கின்றன. ஒரே ஊசி எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்ற எதிர்பார்ப்புக்கு இதைவிட நல்ல அடித்தளம் எனக்குத் தெரியவில்லை. இந்த டி செல்களிலும் சிடி4 இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. தரும் சாட்சியத்தைப் புரதத்தின் பக்கம் மட்டும் எழுதிவிட முடியாது.

குறைகளும் உண்டு. கொழுப்பு தண்ணீரில் கரையாது, குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஊசியில் ஏற்ற லிப்போசோம் (கொழுப்பாலான நுண்குமிழி) போன்ற ஊர்தி வேண்டும். கிருமி புகுந்த செல்லில் சிடி1 மேற்பரப்புக்கு வருவதே குறைந்துவிடுகிறது என்று சோதனைக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். நம் சொந்தக் கொழுப்பையும் சிடி1 ஏந்தும் என்பதால், நம்மையே தாக்கிக்கொள்ளும் அபாயத்தை ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்தாக வேண்டும்.

சுண்டெலியால் வந்த வினை

இவையெல்லாம் தீர்க்கக்கூடியவை. கொழுப்பு பின்தங்கியதற்கு நான் காணும் பெரிய காரணம் ஆய்வகச் சுண்டெலி. தடுப்பூசிக்கான எண்ணம் எதுவானாலும் முதலில் சோதிக்கப்படுவது அதனிடம். ஆனால் சுண்டெலிக்கு சிடி1ஏ, பி, சி மூன்றுமே கிடையாது. அதனிடம் இருப்பது சிடி1டி மட்டும். அதையும் நீக்கிப் பார்த்தார்கள், காசநோய் பெரிதாகக் கூடவில்லை. சிடி4 செல்களுக்குப் புரதத் துண்டைக் காட்டும் எம்.எச்.சி.யின் இரண்டாம் வகையை நீக்கினால் சுண்டெலி சீக்கிரம் இறந்துவிடுகிறது. இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்தால் புரதமே எல்லாம் என்று தோன்றத்தான் செய்யும். மைக்காலிக் அமிலத்தை ஏந்தும் மூலக்கூறே இல்லாத விலங்கு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லும்?

சிடி1பி இருக்கும் விலங்கு கினிப் பன்றி. காசநோய்க் கிருமியின் கொழுப்பை லிப்போசோமில் வைத்து அதற்கு ஊசி போட்ட சோதனை 2003இல் வெளியானது. நுரையீரல் சேதம் குறைந்தது. மனித சிடி1 மரபணுக்களைப் புகுத்திய சுண்டெலிகளும் 2009இல் வந்துவிட்டன. ஆனாலும் கினிப் பன்றியைப் பராமரிக்க இடமும் பணமும் அதிகம் வேண்டும், அதன் செல்களை ஆராயத் தேவையான வினைப்பொருள்களும் குறைவு.

கொழுப்பை வேறொரு விதமாகவும் உடல் அறிகிறது. டிரெஹலோஸ் டைமைக்கலேட் என்ற கொழுப்பை மின்கிள் என்னும் ஏற்பி பிடித்து அபாய மணி அடிக்கிறது. இது 2009இல் தெரிந்தது. மணி அடிக்குமே தவிர, ஆளை நினைவில் வைத்துக்கொள்ளாது. அதனால் இது போட்டியில் இல்லை, தடுப்பூசியில் புரதத்துக்குத் துணைப்பொருளாகச் சேர்க்கலாம். கிருமியும் சும்மா இருக்கவில்லை. பிடிஐஎம் என்ற இன்னொரு கொழுப்பால் தன் மேற்பரப்பைப் போர்த்திக்கொண்டு மணி அடிக்காமல் பார்த்துக்கொள்கிறது என்பதை லலிதா ராமகிருஷ்ணனின் குழு வரிக்குதிரை மீன்களில் காட்டியது. சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் தங்கை அவர்.

நோயறிய எதை எடுப்பது என்றால், தயக்கமில்லாமல் புரதம். இன்றே ஒரு தடுப்பூசிக்குப் பணம் போடுவது என்றாலும் எம்72தான். ஆனால் அதற்கு அடுத்த ஊசியில் புரதத்தோடு மைக்காலிக் கொழுப்பும் இருக்க வேண்டும், அதன் முதல் தேர்வு கினிப் பன்றியிடமும் குரங்கிடமும் நடக்க வேண்டும். புரதத்தை மட்டும் காட்டுவது, கிருமி தானே முன்வந்து நீட்டும் அடையாள அட்டையை மட்டும் படிப்பதாக ஆகிவிடக்கூடும்.

1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய பிசிஜி சோதனையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையை நீட்டினார்கள். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தும், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்றே தெரிந்தது. அந்த ஊசியில் புரதமும் இருந்தது, மைக்காலிக் கொழுப்பும் இருந்தது. அவர்களின் எதிர்ப்பை அளந்த சோதனையோ டியூபர்குலின், புரதத்தை மட்டுமே அறிந்த கோல். கொழுப்பைப் பார்க்கும் டி செல்கள் அத்தனை பேரின் உடலிலும் என்ன செய்தன என்று கேட்கவே, சோதனை தொடங்கி 26 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.