சுங்கை பூலோ மறைகுடில்: கடல் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள்

சிங்கப்பூரில் பறவைப் படம் எடுக்கத் தொடங்கும் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் இடம் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்து. காலை 7 மணிக்குத் திறப்பார்கள், கட்டணம் கிடையாது. குளக்கரையில் மரத்தாலான மறைகுடில்கள் இருக்கின்றன. நாம் உள்ளே உட்கார்ந்து சுவரிலுள்ள நீளத் திறப்பு வழியாகப் பார்க்கலாம், பறவைக்கு நம் உருவம் தெரியாது.

முதல் மாதம் எனக்கு வெறும் சேறுதான் கிடைத்தது. காலையில் சீக்கிரம் போனால் போதும் என்று நினைத்திருந்தேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கடல் வற்றியிருக்கும்போது பறவைகள் வெளியே கடலோரச் சேற்றுவெளியில் மேயும். கடல் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும் இளைப்பாற இங்கே வரும். இவை ஒரு காலத்தில் இறால் வளர்த்த குளங்கள். அந்தப் பழைய மதகுகளை வைத்தே இன்றும் நீரைக் குறைத்து, பறவைகள் நிற்க இடம் விடுகிறார்கள். 1986இல் பறவை ஆர்வலர்கள் கண்டுபிடித்துப் போராடியிராவிட்டால் இந்த இடமே மிஞ்சியிருக்காது. 1993இல் பூங்காவாகத் திறந்தார்கள், 2002இல் காப்பகமானது.

ஆகவே ஏற்ற வற்ற அட்டவணையைப் பாருங்கள். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைக் காலம்.

போன நவம்பரில் ஒரு நாள் 8.45க்குக் குளம் காலி. ஒன்பது மணிக்கு ஐந்து பவளக்காலிகள், அதாவது சிவப்புக் காலுள்ள கரையோரப் பறவைகள், வந்தன. பத்து நிமிடத்தில் கூட்டம் கூட்டமாக இறங்கின. வளைந்த அலகுள்ள விம்ப்ரெல்கள் ஒற்றைக்காலில் நின்று தூங்கின. ஒரு பவளக்காலி எனக்கு எட்டு மீட்டர் அருகில் வந்து, அலகை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் அவ்வப்போது திறந்தது. அந்தக் கண் என் படத்தில் கூர்மையாக விழுந்திருக்கிறது. இன்றும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

300 எம்எம் லென்ஸில் பெரும்பாலும் பறவை சின்னதாகத்தான் தெரியும். நான் 150-600 வைத்திருக்கிறேன். முக்காலிக்கு உள்ளே இடம் போதாது. பழைய ஜீன்ஸ் துணியில் அம்மா தைத்துக் கொடுத்த பையில் பச்சைப்பயறு நிரப்பி, திறப்பின் விளிம்பில் வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்கிறேன். ஆடவே ஆடாது. கொக்கை எடுக்கும்போது கேமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) ஒரு படி குறையுங்கள், இல்லையென்றால் வெள்ளை இறகில் விவரமே இருக்காது. பத்தரைக்கு மேல் சேற்றிலிருந்து கிளம்பும் வெக்கையில் தூரத்துப் பறவை நெளிய ஆரம்பிக்கும். அருகில் வருவதை மட்டும் எடுங்கள். கொசு மருந்து அவசியம்.

ஒரு வேண்டுகோள். லென்ஸைத் திறப்புக்கு வெளியே நீட்டாதீர்கள், சத்தமாகப் பேசாதீர்கள். ஒரு முறை ஒருவர் வெள்ளை லென்ஸை முழங்கை வரை வெளியே நீட்ட, கூட்டம் முழுவதும் எழுந்து பறந்தது. சைபீரியா வரை திரும்பிப் போக வேண்டிய பறவைகள் அவை. சேர்த்து வைத்த கொழுப்பை நாம் இப்படிச் செலவழிக்க வைக்கக் கூடாது.

வரும் சனிக்கிழமை உச்ச ஏற்றம் 9.50க்கு. நான் ஏழே முக்காலுக்கு உள்ளே இருப்பேன்.