எழுத்துக்கு இடம், வாசகருக்கு வழி: தனித்தளமா, பெருந்தளமா?

இணையத்தில் தொடர்ந்து எழுத நினைப்பவருக்கு இன்று நாலு வழிகள் இருக்கின்றன. சொந்த டொமைன், அதாவது நம் பெயரில் ஓர் இணைய முகவரி, வாங்கித் தனித்தளம் நடத்தலாம். ஃபேஸ்புக், எக்ஸ், இன்ஸ்டாகிராம், யூடியூப் மாதிரி பெருந்தளம் ஒன்றில் கணக்குத் திறந்து அங்கேயே இயங்கலாம். சப்ஸ்டாக் போன்ற நியூஸ்லெட்டர் சேவை வழியாக வாசகரின் இன்பாக்ஸுக்கே போகலாம். இதெல்லாம் வேண்டாம் என்றால், பலர் தனித்தனி சர்வர்களில் நடத்தும் சமூக வலைப்பின்னலான மாஸ்டடான் பக்கம் ஒதுங்கலாம்.

எது சுலபம் என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், பெருந்தளம்தான். ஐந்து நிமிடத்தில் முதல் பதிவு போட்டுவிடலாம், காசும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஐந்து வருடம் எழுதப் போகிறவருக்கு முதல் ஐந்து நிமிடத்தின் சௌகரியம் பெரிய விஷயமில்லை. அதனால் இங்கே மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முகவரி யாருடையது? வாசகர் எந்த வழியாக வருகிறார்? பணம் எங்கிருந்து வருகிறது? மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் வளைத்தது என்பது என் கணிப்பு. அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

முகவரி

இதில் பெரிய விவாதத்துக்கு வேலையில்லை, வரலாறே தீர்ப்புச் சொல்லிவிட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் போட இடம் தந்த, 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸில் கோடிக்கணக்கான பக்கங்கள் சேர்ந்தன. 1999இல் யாஹூ அதைப் பெரும் விலை கொடுத்து வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. ஆர்வலர்கள் அவசரமாக நகலெடுத்து வைத்த அளவுதான் மிச்சம். மைஸ்பேஸ் என்ற சமூகத் தளம் இன்னும் மோசம். தளம் மூடக்கூட இல்லை. சர்வர் மாற்றும்போது 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள் போய்விட்டன என்று 2019இல் ஒரு சின்ன அறிவிப்பு, அவ்வளவுதான். அதே ஆண்டு ஏப்ரலில் கூகுளின் சமூகத் தளமான கூகுள் பிளஸ்ஸும் கதவைச் சாத்தியது.

மூடும் தளங்கள் பலவும் 'உங்கள் பதிவுகளை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்' என்று ஒரு பொத்தானை வைக்கின்றன. அந்தப் பொத்தான் எழுத்தைத் தரும், முகவரியைத் தராது. பத்து ஆண்டுகளாக மற்றவர்கள் உங்கள் பதிவுக்குக் கொடுத்து வைத்த இணைப்புகள் எல்லாம் அந்த நாளோடு செத்துப்போகும். சொந்த டொமைனில் இந்தச் சிக்கல் கிடையாது. தளத்தை வைக்க இடம் தரும் ஹோஸ்டிங் கம்பெனி சரியில்லையா, இன்னொன்றுக்கு மாறலாம். வேர்ட்பிரஸ் சலித்துவிட்டதா, வேறு மென்பொருள் போடலாம். முகவரி அப்படியே நிற்கும், வாசகருக்கு எதுவும் தெரியக்கூடத் தெரியாது.

தனித்தளத்தின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்க மறந்தால் டொமைனை வேறு யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள். அப்டேட் செய்யாத ப்ளகின் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) வழியாக ஹேக்கர் புகுவார். ஸ்பாம் கமெண்டுகளை அள்ளிக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் எரிச்சல்தான், ஆனால் எல்லாமே நம் கையில் இருக்கும் எரிச்சல்.

வாசகர் வரும் வழி

இந்தச் சுற்றில் தனித்தளம் தோற்கிறது. புதிதாக ஒரு தளம் போட்டால் அங்கே ஈ, காக்கா வராது. பெருந்தளத்தில் முதல் நாளே நாலு பேர் பார்க்கிறார்கள், பத்தாம் நாள் ஒரு பதிவு யாரோ பகிர்ந்து பல்லாயிரம் பேரிடம் போகலாம். இந்தச் சக்தி பொய்யில்லை.

எப்போதும் இப்படி இருந்ததா என்றால், இல்லை. ஆர்எஸ்எஸ் என்ற ஏற்பாடு 1999இலேயே வந்துவிட்டது. பிடித்த தளங்களின் புதுப் பதிவுகள் வரும் ஓடையை, ரீடர் எனப்படும் படிப்பு மென்பொருளில் சேர்த்து வைத்தால், யார் எப்போது எழுதினாலும் எழுதிய வரிசையில் வந்து நிற்கும். நடுவில் யாரும் உட்கார்ந்து 'இது உனக்குப் பிடிக்காது' என்று ஒளித்து வைக்க முடியாது. 2005இல் வந்த கூகுள் ரீடர் அந்தப் பழக்கத்தைப் பலரிடம் கொண்டுசேர்த்தது. மற்ற ரீடர்கள் அதன் நிழலில் வாடின. 2013 ஜூலையில் அதை கூகுள் மூடியபோது ஆர்எஸ்எஸ் சாகவில்லை, இன்றும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வாசகர்களில் பெரும்பகுதி வேறு ரீடரைத் தேடாமல், ஏற்கெனவே கையிலிருந்த ஃபேஸ்புக், ட்விட்டர் ஃபீடிலேயே தங்கிவிட்டார்கள்.

ஃபீடில் வரிசையை முடிவு செய்வது தளம். 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று ஃபேஸ்புக் அறிவித்தது. அதை நம்பிக் கடை விரித்திருந்த பதிப்பாளர்களுக்கு வாசகர் வரத்து சரிந்தது. அதற்கு முன்னால் வீடியோதான் எதிர்காலம் என்று ஒரு காலம். எழுதுபவர்களை வேலையை விட்டு அனுப்பி வீடியோக் குழு அமைத்த நிறுவனங்கள் உண்டு. 2016இல், சராசரியாக ஒருவர் வீடியோ பார்க்கும் நேரத்தை இரண்டு ஆண்டுகளாகக் கூட்டிக் காட்டிவந்தோம் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது.

வெளியே போகும் இணைப்புகளுக்குப் பெருந்தளங்கள் கொடுக்கும் மரியாதையையும் பாருங்கள். இன்ஸ்டாகிராம் பதிவின் வாசகத்தில் லிங்க் போட்டால் அது வெறும் எழுத்து, தட்டினால் திறக்காது. எக்ஸ் 2023 அக்டோபரில் இணைப்புகளின் தலைப்பையே எடுத்துவிட்டு வெறும் படத்தை மட்டும் காட்டியது. வாசகர் வெளியே போனால் அடுத்த விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது?

கூகுள் தேடல் மட்டும் விதிவிலக்காக இருந்தது. ஆட்களை வெளியே அனுப்புவதே அதன் தொழில். அங்கும் காற்று மாறிவிட்டது. 2015இல் அறிவித்த ஏஎம்பி என்ற பக்க வடிவம், வேகத்தின் பேரில், செய்திப் பக்கங்களை கூகுளின் முகவரியிலிருந்தே பரிமாறியது. அந்த வடிவத்தில் எழுதாதவர்களுக்கு போனில் முக்கியச் செய்திகள் வரிசையில் இடம் கிடைப்பது 2021 வரை அரிது. 2024 மே முதல் தேடல் முடிவுகளின் தலைமாட்டிலேயே ஏஐ சுருக்கம் வந்து நிற்கிறது. யாரோ எழுதியதைப் படித்துத்தான் அது பதில் சொல்கிறது, எழுதியவரின் தளத்துக்குப் போகும் தேவை குறைந்துகொண்டே போகிறது.

ஆக, பெருந்தளம் கூட்டம் தரும், அந்தக் கூட்டத்தை உங்களிடம் ஒப்படைக்காது. லட்சம் பேர் பின்தொடர்ந்தாலும் அவர்களின் பட்டியல் உங்கள் கைக்கு வராது. நியூஸ்லெட்டர் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. மின்னஞ்சல் பட்டியல் என்பது ஒரு சாதாரணக் கோப்பு. சேவை பிடிக்கவில்லை என்றால் அதை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். மின்னஞ்சலிலும் குறுக்கே ஆள் உண்டு என்பது வேறு கதை. 2013இல் ஜிமெயில் ப்ரமோஷன்ஸ் என்று தனி அறை கட்டியதிலிருந்து பல மடல்கள் அங்கே போய்ப் படுத்துக்கொள்கின்றன.

பணம்

1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் என்ற இணைய இதழில் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் கொடுத்த விளம்பரத்தைத்தான் இணையத்தின் ஆரம்பகால பேனர்களில் முதன்மையாகச் சொல்வார்கள். பத்திரிகையில் இடம் வாங்குவது போலத்தான் அதை வாங்கினார்கள். இந்தத் தளம், இந்தக் கட்டம், இத்தனை நாள். தளத்தின் பெயருக்குத்தான் விலை.

2003இல் கூகுள் ஆட்சென்ஸ் வந்தபோது சிறியவர்களுக்கு அது உண்மையிலேயே வரப்பிரசாதம். விளம்பரம் பிடிக்க ஆள் வேண்டாம், பேரம் பேச வேண்டாம், நாலு வரிக் குறியீட்டை ஒட்டினால் போதும். விளம்பர வருமானத்தில் 68 சதவீதம் எழுதுபவருக்கு என்பது நல்ல பங்கு. அதை இன்று கேலி செய்பவர்கள் அதற்கு முன் தனிமனிதத் தளங்களுக்கு வருமானம் கிடைப்பது அரிது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சிக்கல் பிறகு வந்தது, இரண்டு பக்கமாக. எந்தச் சொல்லுக்கு விளம்பரம் அதிகம் வருகிறது என்று பார்த்து அதைப் பற்றி மட்டும் எழுதிக் குவிக்கும் பண்ணைகள் முளைத்தன. தேடல் முடிவுகள் நாறியதும் 2011இல் கூகுள் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அவற்றைக் கீழே தள்ளியது. சில நல்ல தளங்களும் சேர்ந்து விழுந்தன. இன்னொரு பக்கம், ஏலம்.

இன்று ஒரு பக்கம் திறக்கும்போது என்ன நடக்கிறது? வாசகர் இணைப்பைத் தட்டியதும், பக்கம் முழுசாக வருவதற்கு முன்பே, விளம்பரக் கட்டம் ஏலச் சந்தைக்குத் தகவல் அனுப்புகிறது. இன்ன பக்கம், இன்ன போன், தோராயமாக இன்ன இடம், குக்கியில் (உலாவியில் சேமிக்கப்படும் சிறு குறிப்பில்) இன்ன அடையாள எண். ஏலம் கேட்கும் கம்பெனிகள் அந்த எண்ணைத் தங்கள் கோப்புகளில் ஒப்பிட்டு, இவர் போன வாரம் எதை வாங்கப் பார்த்துவிட்டு வாங்காமல் போனார் என்று கணக்குப் போடுகின்றன. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் ஏலம் முடிந்து, ஜெயித்தவரின் படம் வந்து உட்காருகிறது. தோற்றவர்களிடமும் அந்த வாசகரின் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

இதில் விலை பேசப்படுவது வாசகர். கேமரா லென்ஸ் பற்றிப் பத்து ஆண்டுகள் உயிரைக் கொடுத்து எழுதும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு லென்ஸ் கம்பெனி அந்த வாசகர்களைப் பிடிக்க வேண்டுமென்றால் அவருடைய தளத்துக்குத்தான் வர வேண்டும். இப்போது அதே வாசகர் நாளைக்கு வானிலைப் பக்கமோ கிசுகிசுப் பக்கமோ திறக்கும்போது, குக்கியை வைத்து அங்கே மலிவாகப் பிடித்துவிடலாம். ஆளைச் சேர்த்தது அவர், அறுவடை வேறு யாருக்கோ. சுதந்திரமான தளங்களின் வருமானத்தை அரித்தது எது என்று கேட்டால் நான் முதலில் கை காட்டுவது இதைத்தான், ஃபேஸ்புக்கை இரண்டாவதாகத்தான்.

நடுவில் எத்தனை பேர் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. தன் விளம்பர இடத்தை விற்க யாருக்கெல்லாம் அனுமதி என்று ஒவ்வொரு தளமும் ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி (ads.txt) என்ற கோப்பில் எழுதி வைக்கும் வழக்கம் 2017இல் வந்தது. பெரிய செய்தித் தளம் எதையாவது திறந்து, முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு அந்தப் பெயரைத் தட்டுங்கள். வரிக்கு ஒரு கம்பெனி. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கும். சிலர் நேரடி விற்பனையாளர், பலர் மறுவிற்பனையாளர். பிரிட்டன் விளம்பரதாரர் சங்கத்துக்காக பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனம் 2020இல் செய்த ஆய்வில், விளம்பரதாரர் கொடுத்த பணத்தில் பதிப்பாளரிடம் போய்ச் சேர்ந்தது பாதி, 51 சதவீதம். 15 சதவீதம் எங்கே போனது என்று ஆய்வு செய்தவர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தச் சந்தையின் முக்கியக் கருவிகளில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று 2025 ஏப்ரலில் அமெரிக்க மாவட்ட நீதிபதி லியோனி பிரிங்கெமா தீர்ப்பளித்தார்.

பெருந்தளத்தில் கணக்கு இன்னும் எளிது. எழுத்துக்குப் பெரும்பாலும் சுழியம். யூடியூப் நீள வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் தருகிறது; அந்தப் பங்கைப் பெற 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது பலர் எடுக்கும் வழி. வீடியோ செய்பவருக்கு நான் தனித்தளம் சிபாரிசு செய்யவே மாட்டேன். வீடியோக்களைச் சேமிப்பதும் பார்ப்பவர்களுக்கு அனுப்புவதும் தனி ஆளால் தாங்க முடியாத செலவு.

ஏலம் இல்லாமல் விளம்பரமே முடியாதா என்றால் முடியும். தி டெக் என்று ஒரு சிறிய வலைப்பின்னல் இருந்தது. தேர்ந்தெடுத்த தளங்கள், பக்கத்துக்கு ஒரே ஒரு விளம்பரம், பின்தொடரும் குக்கி கிடையாது. 2017இல் அது மூடிவிட்டது. விளம்பரதாரர்கள் பெருந்தளங்களுக்குப் போய்விட்டார்கள். ஆப்பிள் பற்றி எழுதும் டேரிங் ஃபயர்பால் தளத்தின் ஜான் க்ரூபர் வாரத்துக்கு ஒரு ஸ்பான்சர் என்று பல ஆண்டுகளாக நடத்துகிறார், நன்றாகவே நடக்கிறது. ஒரே துறையில் ஊன்றி எழுதுபவருக்கு இது ஏலத்தைவிடப் பல மடங்கு மேல். எதைப் பற்றியும் எழுதுபவருக்கு ஸ்பான்சர் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் சந்தா. 2017இல் தொடங்கிய சப்ஸ்டாக் சந்தாவில் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, கார்டு கட்டணம் தனி. வாசகரிடமே காசு வாங்குவதால் க்ளிக் வேட்டை தேவையில்லை. ஆனால் பூட்டிய எழுத்தை யாரும் இணைப்புக் கொடுத்துப் பேச முடியாது, ஒரு வாசகர் எத்தனை பேருக்குத்தான் மாதாமாதம் கட்டுவார்? இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சப்ஸ்டாக் 2022இல் செயலி கொண்டுவந்தது, 2023இல் நோட்ஸ் என்ற ஃபீடையும் சேர்த்தது. பெருந்தளங்கள் நடந்த அதே பாதைதான். பட்டியலை ஏற்றுமதி செய்ய விடும்வரை பயமில்லை; அவ்வப்போது ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மாஸ்டடானைப் பற்றிச் சுருக்கமாக: 2016இல் வந்தது, விளம்பரம் இல்லை, ஃபீட் நேர வரிசையில் வரும். வேறு சர்வருக்கு மாறினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது. உரையாடலுக்கு நல்ல இடம். காப்பகமாக நம்ப வேண்டாம், சர்வர் நடத்துபவர் ஒரு நாள் களைத்துப்போகலாம்.

யாருக்கு எது

கட்டுரை, குறிப்பு, ஆய்வு என்று எழுத்தில் இயங்குபவர் முதல் பிரதியைச் சொந்த டொமைனில் போட்டுவிட்டு, பெருந்தளங்களில் நகலையோ சுருக்கத்தையோ பகிர்வதே சரி. தளத்தில் ஆர்எஸ்எஸ் திறந்திருக்கட்டும், மின்னஞ்சல் பட்டியல் முதல் நாளிலிருந்தே ஓடட்டும். மாதத்துக்குச் சில ஆயிரம் பேர் வரும் தளத்தில் ஏல விளம்பரம் போடவே கூடாது என்பது என் கட்சி. கிடைப்பது சில்லறை, அதற்காகப் பக்கம் மெதுவாகிறது, 2018இல் வந்த ஐரோப்பியத் தரவுச் சட்டத்துக்காகக் குக்கி சம்மதப் பெட்டி வேறு வந்து வாசகரை மறிக்கிறது.

ஏற்கெனவே ஃபேஸ்புக்கில் பல ஆண்டு எழுதிக் குவித்தவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் கிளப்பிக்கொண்டு வர வேண்டியதில்லை. முதலில் காப்பகத்தை டவுன்லோட் செய்யலாம். அதிலிருந்து, மற்றவர்கள் இன்னும் தேடிக் கேட்கும் பத்துப் பதினைந்து பதிவுகளைப் புதிய டொமைனில் ஏற்றி, பழைய பதிவின் முதல் கமெண்டில் புதிய முகவரியைப் போட்டு வைக்கலாம். மீதிக்கு அவசரமில்லை.