பிறிட்ஜுக்குள் இருந்த பைல்

லண்டனிலிருந்து போய் ஆவணியில் இரண்டு கிழமை வன்னியில் நின்றேன். ஆறு வருசத்துக்குப் பிறகு ஊர். கோயில், கடல், சொந்தக்காரர் வீடு என்று போட்டு வைத்த திட்டத்தில் ஒரு முழு நாளைக் கந்தோர் விழுங்கிவிட்டது. அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெரியப்பாவின் மகன் எனக்கு அண்ணை. 2009 மாசியில் செல் பட்டு வலது கால் முழங்காலுக்கு மேலே போனது. ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கிறார். வெயில் நாளில் வியர்த்து உள்ளே புண் வந்துவிடும். கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டு ஊன்றுகோலில் திரிவார். வீட்டு வாசலில் சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிற வேலை. மச்சாள் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறா. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு அவருக்கு ஒழுங்காக வருகிறது. முன்பு 5,000 ரூபா; 2024 சித்திரையில் 7,500; 2025 சித்திரையிலிருந்து 10,000. எங்கள் காசில் 25 பவுண் அளவு. வராதது அஸ்வெசும, வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற காசு. 2023 ஆடியில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த திட்டம் அது. படிப்பு, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்பத்து ஆட்கள் என்று ஆறு பக்கத்திலும் 22 விசயம் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். வறிய குடும்பம் என்று வந்தால் இப்போது மாதம் 10,000, மிக வறியது என்றால் 17,500. அண்ணை வீடு எதிலும் இல்லை.

ஏன் என்று மச்சாளைக் கேட்டேன். கணக்கெடுக்க வந்த பிள்ளை நிலத்தைப் பார்த்தாளாம், சுவரைப் பார்த்தாளாம், கரண்ட் பில்லையும் வாங்கிப் பார்த்தாளாம்.

அந்த நிலத்துக்கு ரைல்ஸ் போடக் காசு அனுப்பினது நான். 2019இல் வந்து நின்றபோது சீமெந்து வெடிப்புக்குள்ளால் எறும்பு வருகிறது என்று பிள்ளைகள் அழுதார்கள். உண்மையைச் சொன்னால், நாங்கள் வந்து படுக்கத்தான் அந்த ரைல்ஸ். அண்ணைக்கு அது வழுக்கும். ஊன்றுகோலின் அடியில் ரியூப் இறப்பரை வெட்டிச் சுற்றியிருக்கிறார்.

“அடையாள அட்டைக் கொப்பி எங்க மச்சாள்?” என்றேன். நேரே போய்ப் பிறிட்ஜைத் திறந்தா. அதுவும் நான் வாங்கிக் கொடுத்ததுதான். உள்ளே வெளிச்சம் இல்லை. மேல் தட்டில் நீலப் பைல், கீழே பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வைத்தியரின் துண்டு, வங்கிப் புத்தகம்.

“ஓஃப் பண்ணித்தான் வைச்சிருக்கிறன். பில் கூடினா அதையும் எழுதிப்போடுவினம். இதுக்குள்ள எண்டா கறையானும் வராது.”

என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

லண்டனில் அம்மாவுக்கு பிப் (PIP) என்கிற மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்குப் படிவம் நிரப்பினவள் நான். அதுவும் லேசான சாமான் இல்லை. 20 மீற்றர் நடப்பாரா, 50 மீற்றர் நடப்பாரா, சட்டியைத் தூக்குவாரா என்று துருவித் துருவிக் கேட்பார்கள், அதற்கும் புள்ளிதான். ஆனால் வீட்டில் பிறிட்ஜ் இருக்கிறதா என்று பிப்பில் ஒருவரும் கேட்பதில்லை. வருமானமும் சேமிப்பும் அதற்குக் கணக்கில்லை. வருமானம் குறைந்தவர்களுக்கான யுனிவேர்சல் கிறெடிற் வேறு கதை, அங்கே கையிருப்பு 16,000 பவுணைத் தாண்டினால் கதவு சாத்து. அண்ணையின் கொடுப்பனவு காலுக்கு, அஸ்வெசும வயிற்றுக்கு என்று நான் பிரித்துப் பார்க்கிறேன். அஸ்வெசும வந்தாலும் வீட்டில் இரண்டு காசும் ஒரே உலையில்தான் போகும்.

மேன்முறையீடு கொடுக்கலாம் என்று விதானையார் சொன்னதால் ஓட்டோ பிடித்துப் போனோம். கந்தோரில் அஸ்வெசுமப் பிரிவு மேல் மாடியில். அண்ணை படியை ஒரு தரம் பார்த்தார், வேப்பமரத்துக்குக் கீழே போய் இருந்துவிட்டார். நான் பைலோடு ஏறினேன். வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு பேர். முக்கால்வாசி பெண்கள், கையில் அதே மாதிரிப் பைகள்.

“கையெழுத்து அவர்தான் வைக்க வேணும் தங்கச்சி” என்றா உத்தியோகத்தர். கீழே இருக்கிறார் என்றேன். பேனையையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு அவவே இறங்கி வந்தா. மரத்தடியில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினா. வெளிநாட்டிலிருந்து காசு வருகிறதா என்ற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

“வருசத்தில ரெண்டு தரம், தைப்பொங்கலுக்கும் பள்ளிக்கூடம் துடங்கேக்கையும்” என்றேன். தொகையையும் சொன்னேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டோவுக்கு நான் காசு எடுத்தபோது அவர் தடுத்தார். “அதையும் எழுதிப்போடுவினம்” என்று சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் படிவத்தின் கொப்பியை மச்சாள் வாங்கி, பிறிட்ஜின் நடுத் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினா.