வயரை எங்கே ஒளிப்பது? வன்னி வீட்டுச் சுவர்களுக்கு ஓர் ஒப்பீடு

வயரை மறைக்கும் வழிகளைத் தேடினால் வருகிற படங்களில் எல்லா வீடும் ஒரே வீடுதான். வழுவழுவென்று பூசிய வெள்ளைச் சுவர், பலகைத் தரை, அந்தரத்தில் நிற்கும் தொலைக்காட்சி. மின்சாரம் காற்றில் வந்து இறங்குகிறது என்றே நினைக்கத் தோன்றும். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ அந்தப் படத்தைப் பார்த்து வீட்டை மாற்றப் போனால் முதலில் மறுப்பது சுவர். பூச்சுக் காணாத சீமெந்துக் கல்லில் ஒட்டு நாடா ஒரு கோடையைத் தாண்டாது. சுவர் சம்மதித்தாலும் எலி சம்மதிக்காது. எலியைச் சமாளித்தால் கறையான் இருக்கிறது. இவை எதுவும் இல்லாவிட்டால் மாரி இருக்கிறது.

ஆகவே இந்த ஒப்பீட்டில் அழகுக்கு நான்காம் இடம். வானம் இருட்டி வரும்போது பிளக்கை ஒரு கையால் கழற்றிவிட முடிகிறதா என்பது முதல் கேள்வி. உள்ளே எலி கடித்திருந்தாலோ வயர் கருகியிருந்தாலோ திறந்து பார்க்க முடிகிறதா என்பது இரண்டாவது. வெள்ளம் வாசற்படி ஏறினால் இணைப்பு நனையாமல் இருக்குமா என்பது மூன்றாவது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட நாட்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு மூன்றாவது கேள்வியை விளக்க வேண்டியதில்லை.

வயர்க் குவியல் எங்கிருந்து வருகிறது? பிளக் பேஸ் போதாமல்தான். போருக்குப் பிறகு இங்கே எழுந்த வீடுகளில் பெரும் பங்கு உதவித் திட்டங்களில் கட்டப்பட்டவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம் ரூபாய். வீட்டின் பரப்பு 550 சதுர அடி. சுவரும் கூரையும் முடிந்த பிறகு கையில் மிஞ்சியதைக் கொண்டு வயரிங் செய்த வீடுகள் ஏராளம். அறைக்கு ஒரு மின்குமிழ், ஹோலில் ஒரு பேஸ், குசினியில் ஒரு பேஸ் என்று கணக்கை முடித்தார்கள். அதன் பிறகுதான் குளிர்சாதனப் பெட்டி வந்தது, ரவுட்டர் வந்தது, பிள்ளைகளின் மடிக்கணினி வந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டபோது வாங்கிய சார்ஜ் லைட்டும் பவர் பேங்கும் சேர்ந்தன. எல்லாம் அந்த ஒரு பேஸில்தான் வந்து விழுகின்றன.

எதை வாங்கி மறைப்பது என்று யோசிப்பதற்கு முன்னர் இன்னொரு பேஸ் போட முடியுமா என்று பாருங்கள். மறைக்கும் பெட்டிக்கும் அலங்காரக் கொளுவிகளுக்கும் செலவாகும் பணத்தை ஒரு வயரிங் வேலைக்காரரின் அரை நாள் கூலியில் போட்டால் ஹோலின் எதிர்ச் சுவரில் இரட்டைப் பேஸ் ஒன்று வந்துவிடும். வாசலைக் குறுக்கறுத்துக் கிடந்த நீள வயர் அன்றே போய்விடும். மற்ற வழிகள் எல்லாம் வயரை இடம் மாற்றுகின்றன. இது ஒன்றுதான் வயரையே இல்லாமல் செய்கிறது.

சரி, புதிய பேஸுக்கு வயரை எப்படிக் கொண்டுபோவது? சுவரைக் கொத்தி பைப் புதைப்பதா, சுவரின் மேல் பிளாஸ்டிக் கேசிங், அதாவது வயரை உள்ளே விட்டு மூடியால் மூடும் நீளப் பட்டை, அடிப்பதா? இங்கேதான் வீட்டுக்கு வீடு வாக்குவாதம். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருகிற உறவினர் பெரும்பாலும் கொத்தும் கட்சி. கேசிங் அடித்த வீடு கந்தோர் மாதிரி இருக்கிறது என்பது அவர்களின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சுவரின் கணக்கு வேறு. நெடுக்காகக் கொத்தும்போது சுவரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக்கூடாது, கிடையாகக் கொத்தும்போது ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது கட்டட வேலையில் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. நாலு அங்குலக் கல்லில் கிடையாகக் கொத்தலாம் என்று அனுமதிக்கும் ஆழம் முக்கால் அங்குலம்கூட இல்லை. 20 மில்லிமீற்றர் பைப்பே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். அதை மூடப் பூச்சும் வேண்டும். ஆறு அங்குலச் சுவரில் மட்டுமட்டாகச் சமாளிக்கலாம். உள்ளே பொள்ளலான கல் என்றால் இந்தக் கணக்கும் செல்லாது. கிரைண்டர் பிடித்த கொஞ்ச நேரத்தில் கல்லின் முகம் உடைந்து குழி தெரியும்.

புதிதாகக் கட்டுகிறவர், இன்னும் பூசாத சுவர், ஆறு அங்குலக் கல்: இந்த மூன்றும் சேர்ந்தால் புதைப்பதையே நானும் சொல்வேன். ஆனால் வயரைத் தனியே சீமெந்துக்குள் போடாமல் பைப்புக்குள் விட வேண்டும். நாளைக்கு ஒன்று பழுதானால் இழுத்தெடுத்து மாற்ற முடியும். பேஸிலிருந்து நேர் மேலே அல்லது நேர் பக்கமாகவே பைப் ஓட வேண்டும். வயர் மிச்சம் பிடிக்கக் கோணலாக ஓடவிட்ட வீட்டில், பத்து வருடம் கழித்துச் சாமிப்படம் மாட்ட ஆணி அடிக்கிறவர் எதை நம்பி அடிப்பார்? பூசுவதற்கு முன் சுவரைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது செலவில்லாத காப்புறுதி.

ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்கு என் வாக்கு கேசிங்குக்குத்தான். மூடியைக் கழற்றினால் உள்ளே நடப்பது தெரியும். கறையான் மண்புற்று வெளியே ஏறினாலும் உள்ளே ஏறினாலும் கண்டுபிடிக்கலாம். புதைத்த பைப்பில் கறையான் பேஸ் பெட்டி வரை வந்து சேர்ந்த பிறகுதான் சேதி வரும். வாங்கும்போது ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். வயர்கள் உள்ளிடத்தில் பாதிக்கு மேல் நிறையாமல் இருப்பது நல்லது. திணித்த வயர் சூட்டை வெளியே விடாது. பின்னால் ஒட்டு நாடாவோடு வருகிற கேசிங் பெயின்ற் அடித்த பூச்சுச் சுவருக்குச் சரி, அதுவும் தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரை வெயிலில் எவ்வளவு காலம் என்பது சந்தேகம்தான். கரடு சுவருக்கு டிரில் போட்டு, ஓட்டைக்குள் ஸ்குரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் இறக்கி, ஸ்குரூ ஆணி முறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. சுவரின் நடுவே ஓடவிடாமல் கதவு நிலையின் ஓரமாக, யன்னல் தலைப்பின் மேலாக, மூலையில் இறக்கினால் கந்தோர்த் தோற்றமும் பாதி குறையும். சுவருக்கு அடிக்கும் பெயின்றை அதன் மேலும் ஒரு பூச்சு அடித்தால் மீதியும் குறையும். தரையோரமாக மட்டும் ஓடவிட வேண்டாம். கூட்டித் துடைக்கும் தண்ணீரும் வெள்ளமும் அங்கேதான் முதலில் வரும்.

ஆணி வைத்த பிளாஸ்டிக் கிளிப் அடித்து வயரை அப்படியே சுவரில் ஓடவிடுவது மலிவு. அன்ரனா வயருக்கும் இணைய வயருக்கும் அது போதும். மின் வயரை எலியிடமிருந்து அது காப்பாற்றாது.

அடுத்தது மல்டி பிளக். இதை ஒளிப்பதில்தான் ஆபத்து அதிகம், விற்பனைப் பொருட்களும் அதிகம். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, சப்பாத்துப் பெட்டியை வெட்டிச் செய்வது, பனையோலைப் பெட்டிக்குள் வைப்பது, மேசையின் அடியில் திருகிவிடுவது என்று நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. சப்பாத்துப் பெட்டியை எடுத்தவுடனேயே தள்ளிவிடுகிறேன். அது மட்டை, நெருப்புக்கு விறகு. பனையோலைப் பெட்டியைத் தள்ள மனம் வரவில்லை. ஹோலில் வைத்தால் அதைவிட அழகான பெட்டி கிடையாது. என்றாலும் ஓலையும் விறகுதான். பயன்படுத்தாத சார்ஜர்களையும் கேபிள்களையும் சுற்றிப் போட்டுவைக்க அது சிறந்தது. மின் ஓடும் எதையும் அதற்குள் வைக்கக்கூடாது. கடைப் பிளாஸ்டிக் பெட்டியில் இரண்டு பக்கமும் காற்றுத் துளை இருந்தால், உள்ளே ரவுட்டர், தொலைக்காட்சி, கைபேசி சார்ஜர் போன்ற சிறு மின்சாரக்காரர்கள் மட்டும் இருந்தால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது தரையில் உட்காருகிறது, எறும்பும் பல்லியும் அதைத் தங்களுக்குக் கட்டிய வீடு என்று நினைக்கின்றன.

மேசையின் அடியிலோ அலுமாரியின் பக்கப் பலகையிலோ முழங்காலுக்கு மேலான உயரத்தில் மல்டி பிளக்கைத் திருகிவிடுவதுதான் இந்த நான்கில் வெல்கிறது. நடந்து வருகிறவரின் கண்ணுக்குத் தெரியாது, குனிந்தால் தெரியும். வெள்ளம் அங்கே வருவதற்குள் நீங்கள் மெயின் சுவிட்சை அணைத்திருப்பீர்கள். துவாரம் இல்லாத மல்டி பிளக் என்றால் ஓடாவியாரிடம் இரண்டு மரச்சட்டம் கேட்டு வாங்கி இறுக்கலாம். தொலைக்காட்சி மேசையின் பின்பலகையில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுத் தரவும் அவரையே கேளுங்கள்.

எந்தப் பெட்டிக்குள் வைத்தாலும் மல்டி பிளக்கே மோசமானதாக இருந்தால் பயனில்லை. வயரின் உறையில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். 13 அம்பியர் என்று விற்கும் மல்டி பிளக்கில் மூன்று கம்பி, ஒவ்வொன்றும் 1.25 சதுர மில்லிமீற்றர் இருக்க வேண்டும். 0.75 என்று இருந்தால் அது 6 அம்பியர் சுமக்கும் வயர். இரண்டு கம்பி மட்டும் என்றால் எர்த் இல்லை. கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கேத்தல் 2000 வாட், அயர்ன் 1000 வாட். நமது 230 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்தாலே 13 அம்பியர் எல்லைக்கு வந்துவிடும். ஆகவே இப்படிச் சூடாகும் சாமான்களுக்கு மறைப்பும் வேண்டாம், மல்டி பிளக்கும் வேண்டாம். நேரே சுவர்ப் பேஸில் குத்துங்கள், வேலை முடிந்ததும் கழற்றுங்கள்.

பாயின் அடியில் வயர் ஓட்டுவதைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் அதுதான் வீடுகளில் அதிகம் நடக்கிறது. மிதிபடும் வயரின் உறை உள்ளே வெடிக்கும், சூடு வெளியே போகாது, பாயோ நன்றாக எரியும்.

சதுரக்கால், வட்டக்கால் குழப்பமும் வயர்க் குவியலின் ஒரு பகுதி. பழைய வீட்டில் 5 அம்பியர், 15 அம்பியர் வட்டத் துளைகள். புதிய சாமான்களில் 13 அம்பியர் சதுரக்கால். இடையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடாப்டர் கோபுரம். இன்னும் சிலர் சதுரப் பேஸின் மேல்துளையைப் பேனையால் அழுத்தி, மூடியைத் திறந்து, இரண்டு கால் பிளக்கை உள்ளே தள்ளுகிறார்கள். பேஸை மாற்றும் செலவு ஒரு நல்ல அடாப்டரின் விலையிலிருந்து அதிக தூரம் இல்லை. சதுரக்கால் பிளக்குக்குள் பியூஸ் இருக்கிறது என்பது கூடுதல் ஆதாயம். ஏறத்தாழ 700 வாட் வரையுள்ள சாமானுக்கு 3 அம்பியர் பியூஸே போதும். வட்டக்கால் பிளக்கில் பியூஸ் கிடையாது.

கட்டி வைப்பதற்கு நைலோன் டை, வெல்க்ரோ பட்டி, துணி என்று மூன்று போட்டியாளர்கள். நைலோன் டை இறுக்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் மாறாத இடத்துக்கு மட்டும். வெளியே வெயில் படும் இடத்துக்குக் கறுப்பு நிற டை வெள்ளையைவிட நாள் பிடிக்கும். அடிக்கடி கழற்றும் சார்ஜருக்கு வெல்க்ரோ. அதை வாங்க வவுனியா வரை போக வேண்டியிருந்தால் பழைய பருத்திச் சேலைக் கரையை விரல் அகலத்தில் கிழித்து உருவு முடிச்சுப் போடுங்கள், அதே வேலைதான். இறப்பர் பட்டி இந்த வெக்கையில் உருகி வயரில் ஒட்டிக்கொள்ளும். எதனால் கட்டினாலும், அதிக மின்சாரம் ஓடும் வயரை இறுக்கச் சுருட்டிக் கட்டாதீர்கள். சுருளின் நடுவே சூடு தங்கி உறை இளகிவிடும்.

இப்போது இடி. ஒக்டோபர், நவம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும் பின்னேரத்தில் இறங்கும் இடிமழை இங்கே வருடாந்த விருந்தாளி. டிரிப் சுவிட்ச் மின்னலை நிறுத்தாது. கசிவு மின்சாரத்திலிருந்து ஆளைக் காப்பாற்றுவது அதன் வேலை. மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்கும் மல்டி பிளக்குகள் சிறு துள்ளலைத் தாங்கும், அதுவும் எர்த் சரியாக இருந்தால். கிட்டத்தில் விழும் இடிக்கு அவை ஈடுகொடுக்காது. பிளக்கைக் கழற்றுவதுதான் பாதுகாப்பு. இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொடப் போகாமல், தூரத்து முழக்கம் கேட்டவுடனேயே கழற்றிவிட வேண்டும். டிஷ் அன்ரனா வயரையும் சேர்த்துத்தான். பலர் மின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். தேக்கு அலுமாரிக்குப் பின்னால் அழகாக ஒளித்த மல்டி பிளக் இந்தப் பரீட்சையில் முழுதாகத் தோற்கிறது. அதைக் கழற்ற இரண்டு பேர் அலுமாரியை நகர்த்த வேண்டும். வீட்டில் அம்மம்மா மட்டும் இருக்கும் பின்னேரம் என்ன செய்வார்?

கிணற்று மோட்டருக்குப் போகும் வயரைப் பலர் மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து ஒளிக்கிறார்கள். அடுத்த மரக்கறிப் பாத்தி வெட்டும்போது மண்வெட்டி அதைத் தேடிப் பிடிக்கும். அரை மீற்றருக்குக் குறையாத ஆழத்தில் இரும்புக் கவசமிட்ட கேபிள் போடுங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால், தகுந்த வயரைப் பைப்புக்குள் விட்டுக் கம்பங்களில் தலைக்கு மேலாகக் கொண்டுபோங்கள். வீட்டுக்குள் ஓடும் சாதாரண வயர் மண்ணுக்கு ஆகாது.

வவுனியா நகரிலோ கிளிநொச்சியிலோ வாடகைக்கு இருப்பவர்களுக்கு டிரில் போட அனுமதி கிடைக்காமல் போகலாம். அவர்கள் தங்கள் சொந்த மேசையிலேயே மல்டி பிளக்கைத் திருகி, மேசையைச் சுவர்ப் பேஸுக்கு அருகே இழுத்து வைப்பது நல்லது. ஒட்டு நாடாக் கேசிங் போடுவதென்றால் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டே போடுங்கள். கழற்றும்போது அது பெயின்றையும் உரித்துக்கொண்டுதான் வரும், முற்பணத்தில் கழிப்பார்கள்.