சிஎன்சிக்கு பழைய டிசி மோட்டார்: டிரெட்மில்லா, என்கோடர் வச்ச சர்வோவா?

சிஎன்சிக்கு, அதாவது கம்ப்யூட்டர் சொல்லுத வழில வெட்டுத மெஷினுக்கு, பழைய மோட்டார் எடுக்க வாரவங்க மொதல்ல ஹெச்பி எவ்வளவுன்னுதான் கேக்காவ. அத விட்டுருங்க, 1000 ஆர்பிஎம்முக்கு எத்தன வோல்ட்னு பாருங்க, அது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சிரும். ஷாஃப்ட்ட டிரில்லுல மாட்டி சுத்திவிட்டு ரெண்டு வயர்லயும் மீட்டர வைங்க, 1000 ஆர்பிஎம்ல 10 வோல்ட் காட்டுச்சின்னா 40 வோல்ட் குடுத்தா லோடு இல்லாம 4000 பக்கம் ஓடும், டார்க் (சுத்துத வலு) ஒரு ஆம்புக்கு சுமார் 0.095 நியூட்டன் மீட்டர். அப்புறம் ரெண்டு வயரையும் சேத்து முறுக்கிட்டு கையால சுத்துங்க, நல்லா புடிச்சி இழுத்தா காந்தமும் பிரஷும் உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

டிரெட்மில் மோட்டார் நெறைய கெடைக்கும், வெலையும் கம்மி. லேபிள்ல 180 வோல்ட் 4500 ஆர்பிஎம்னு இருந்தா 1000த்துக்கு 40 வோல்ட்னு வச்சிக்கிடலாம், அப்போ 60 வோல்ட் சப்ளைல 1500தான் ஓடும், ஆனா டார்க் நல்லாவே வரும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ரோட்டர் (உள்ள சுத்துத பாகம்) கனம், சட்டுன்னு நின்னு சட்டுன்னு திரும்பணும்னா தெணறும். ஆக்சிஸுக்கு, அதாவது X, Yன்னு மெஷின நகத்துத எடத்துக்கு, அது வேண்டாம். அம்பாசமுத்திரத்துல சொப்பு சாமான் கடையுத மாதிரி லேத்துக்கோ, கட்டர சுத்துத ஸ்பிண்டிலுக்கோ அத அடிச்சிக்கிட ஆளே கெடையாது. ஒண்ணு மட்டும் பாத்துக்கிடுங்க, ஃப்ளைவீல (ஷாஃப்ட்டுல இருக்க கனமான சக்கரம்) பல மோட்டார்ல இடது மரைல ஏத்தியிருப்பாவ, எதிர்ப்பக்கம் ஓட்டுனா லோடுல கழண்டு பறந்துரும். கூட வார கண்ட்ரோல் போர்டும் நேரா மெயின்ஸ்ல நிக்கிறது, அதோட கிரவுண்ட ஆர்டுயினோவோட (சிஎன்சிய நடத்துத சின்ன கண்ட்ரோலர்) சேத்தா போர்டும் போவும், கைய வச்சா ஆளும் போவும்.

ஆக்சிஸுக்கு என்னோட ஓட்டு என்கோடரோட (ஷாஃப்ட் எவ்வளவு சுத்துச்சின்னு எண்ணிச் சொல்லுத சாமான்) வார பழைய பிரஷ் சர்வோவுக்குத்தான். 500 கோடு என்கோடர்னா நாலு மடங்கா எண்ணி ஒரு சுத்துக்கு 2000 கவுண்ட், ஒரு சுத்துக்கு 5 மில்லி நகத்துத பால் ஸ்க்ரூவுல அது 0.0025 மில்லி. கட்டர் மாட்டிக்கிட்டா டிரைவருக்கு தெரியும், கரண்ட கூட்டி தள்ளும், முடியலைன்னா நிறுத்திரும், மரம் வீணாப் போறது கொறையும். ஜிஆர்பிஎல் (ஆர்டுயினோல ஓடுத சிஎன்சி சாஃப்ட்வேர்) ஸ்டெப், டைரக்‌ஷன் சிக்னல்தான் குடுக்கும், அதனால அந்த சிக்னல் வாங்குத டிசி சர்வோ டிரைவரா பாத்து எடுங்க. ரொம்ப பழைய மோட்டார்னா உள்ள அல்னிகோ காந்தமா இருக்கலாம், அத கழுவுதேன் தொடைக்கேன்னு ஆர்மேச்சர (அதான் ரோட்டர) வெளிய உருவிராதீங்க, காந்தம் வலு கொறஞ்சிரும். பிரஷ்ஷ வெளிய இருந்தே கழட்டிப் பாருங்க.

சர்வோ அமையலைன்னா புதுசா நெமா 23 சைஸ் ஸ்டெப்பர் (ஸ்டெப் ஸ்டெப்பா சுத்துத மோட்டார்) வாங்கிருங்க, சுத்துக்கு 200 ஸ்டெப், வயரிங் லேசு. வேகம் கூடக் கூட டார்க் எறங்கும், ஸ்டெப் விட்டா மெஷினுக்கே தெரியாது, ஆனா மரம் வெட்டுத சின்ன ரவுட்டருக்கு பைய ஓட்டுனா போதும். டிரெட்மில்ல ஆக்சிஸ்ல கெடந்து கட்டி அழுததுக்கு இது எவ்வளவோ மேல். வைப்பர் மோட்டார்? வேண்டாம், வார்ம் கியர்ல ஆட்டம் இருக்கு, கோடு நேரா வராது.

பேட்டை பக்கமோ வேற எங்கயோ பழைய இரும்புக் கடைல சர்வோ கண்ணுல பட்டா, மெஷின்ல இருந்து கழட்டுறதுக்கு முன்னாடியே சொல்லி வைங்க. தாமிரத்துக்காக வயர ஒட்ட வெட்டிருவாவ, பின்னால இருக்குத என்கோடர் மூடியையும் சுத்தியல வச்சி தட்டிருவாவ, உள்ள இருக்க டிஸ்க் கண்ணாடியா இருந்தா அதோட சரி. X, Y ரெண்டுக்கும் ஒரே மாடலா கேட்டு வாங்குங்க, டியூனிங் (டிரைவர் செட்டிங்) ஒரு தடவை போட்டா ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போவும்.