காஜாவில் தங்குவதா, கிப்பரிலா?

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் மூட்டையை எங்கே இறக்குவது? இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் உயரத்தில் ஏறக்குறைய 600 மீட்டர் வித்தியாசம். உடம்பு அதைத்தான் கணக்கில் எடுக்கும்.

காஜா சுமார் 3,650 மீட்டரில் இருக்கிறது. மருத்துவமனை, கடைத்தெரு, பெட்ரோல் பங்க் எல்லாம் உண்டு. அழகைத் தேடி வந்தவருக்கு ஊர் சற்று ஏமாற்றம்தான்.

கிப்பர் 4,200 மீட்டருக்கும் மேலே. வெள்ளையடித்த வீடுகள், தட்டைக் கூரைகளின் விளிம்பில் வரிசையாக அடுக்கிய சுள்ளிகள். பரங் லா கணவாயைக் கடந்து லடாக் செல்லும் நடைப்பயணம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. குளிர்காலத்தில் பனிச்சிறுத்தை தேடுவோருக்கும் இதுவே இடம். குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மணாலியிலிருந்து ஒரே நாளில் கிப்பருக்கு ஏறுவது வீண் வீரம். 3,000 மீட்டரைத் தாண்டியபின், உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். சிம்லா, கின்னௌர் வழியாக மெல்ல ஏறி வந்து, காஜாவில் மூன்று இரவு, பிறகு கிப்பர். ஒன்றுதான் என்றால், நடக்க வந்தவருக்கு என் ஓட்டு கிப்பருக்கே. குழந்தைகளோடு வந்தால் காஜாவை விட்டு நகர வேண்டாம்.