பொதுக் குழுவா, தனிப் பிரிவுகளா? மயக்கவியல் துறை வளரும் இரண்டு வழிகள்

புதுச்சேரியில் கோரிமேட்டு ஜிப்மரும் கதிர்காமத்து அரசு மருத்துவக் கல்லூரியும் அளவில் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. காலாப்பட்டு, பிள்ளையார்குப்பம், மதகடிப்பட்டுத் தனியார் கல்லூரிகள் வேறு ரகம். ஆனால் மயக்க மருத்துவர்களின் எண்ணிக்கை பத்தைத் தாண்டினால் எந்தத் துறையிலும் ஒரே கேள்விதான் எழும். பொதுக் குழுவாக எல்லோரும் எல்லா அறுவைத் தியேட்டருக்கும் சுழல்வதா? அல்லது இதயம், நரம்பு, குழந்தைகள், மகப்பேறு, வலி என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை வைப்பதா?

பிரிவுகள் பெயர்ப் பலகையில் அழகாக இருக்கும். இரவு டூட்டிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். பன்னிரண்டு கன்சல்டன்ட்கள், இரவுக்கு இருவர் என்றால் ஒருவருக்கு மாதம் 5 இரவு. அதே பன்னிரண்டு பேரை மும்மூன்றாக நான்கு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவும் தனி ஆன்-கால் (அழைத்தால் வர வேண்டிய இரவு முறை) வைத்தால் ஒருவருக்கு 10 இரவு. இருவர் மட்டுமே உள்ள பிரிவில் 15. அந்த இருவரில் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டால், மற்றவருக்கு அந்த வாரம் முழுக்க வீடு கிடையாது.

இதைத் தாங்க முடியாமல், பேப்பரில் பிரிவு ஆன்-கால், நடப்பில் பொது ஆன்-கால் என்று ஆகிவிடும். கெடுதல் இங்கேதான் தொடங்குகிறது. விழுப்புரத்திலிருந்து நள்ளிரவில் உணவுக்குழாய் அடைப்போடு வரும் பச்சிளம் குழந்தைக்கு மயக்கம் கொடுப்பவர் பொது ஆன்-கால் மருத்துவர். பகலில் குழந்தைத் தியேட்டர் 'அவர்கள் ஏரியா' என்பதால் இரண்டு ஆண்டாக அவர் ஒரு பச்சிளம் குழந்தையையும் தொட்டிருக்க மாட்டார். பிரிவு வந்ததால் பகல் கேஸ்களின் தரம் கூடுகிறது, இரவு கேஸ்களின் தரம் குறைகிறது. பகல் புள்ளிவிவரத்தை மட்டும் எடுத்து வைப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

இன்னொன்று, ஊர். கடலூரிலிருந்து வந்துபோகிறவர்கள் துறையில் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கம் வெள்ளக்காடானது. ஆன்-கால் பட்டியலில் ஒரே பெயர் உள்ள பிரிவுக்கு அப்படியொரு நாளில் மாற்று கிடையாது. பொதுக் குழுவென்றால் வளாகத்தில் தங்கியிருக்கும் யாராவது ஒருவர் கைகொடுப்பார்.

அதற்காகப் பிரிவே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. இதய அறுவையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரினைக் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் கொடுத்து, ஏசிடி (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) 480 விநாடியைத் தொட்டதா என்று பார்த்து, பிறகு பைபாஸுக்கு, அதாவது இதய-நுரையீரல் இயந்திரத்துக்குப் போக வேண்டும். முடிவில் ஹெபாரினை முறிக்கும் புரோட்டமினை வேகமாகச் செலுத்தினால் ரத்த அழுத்தம் சரியும். சர்ஜன், அந்த இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட், மயக்க மருத்துவர் மூவரும் ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்று மற்றவர் அறிந்திருக்க வேண்டிய இடம் இது. மாதத்துக்கு ஒருமுறை சுழன்று வருபவரால் அது முடியாது. டிஎம் எனும் உயர்சிறப்புப் படிப்பு, ஆய்வு, புரோட்டோகால் புதுப்பித்தல் எதுவும் உரிமையாளர் இல்லாமல் நகராது. பொதுக் குழுவில் அல்ட்ராசவுண்ட் புரோப் விரிசல் விட்டால் எல்லோரும் பார்ப்பார்கள். யாரும் புகார் எழுத மாட்டார்கள்.

மகப்பேறு நேர்மாறு. அதற்குப் பிரிவு தேவையில்லை. பிரசவத் தியேட்டர் வாசலில் 24 மணி நேரமும் ஆள் தேவை.

கருவிகளில் பிரிவினை நேரடி ஆபத்து. ஐந்து பிரிவு, ஐந்து வீடியோ லாரிஞ்சோஸ்கோப் (மூச்சுக்குழாயில் குழல் செருக உதவும் கேமரா கருவி), ஐந்து பூட்டிய அலமாரி. இரவு இரண்டு மணிக்குச் சாவி யாரிடம் என்று தெரியாது. எப்படிப் பிரித்தாலும் கடின மூச்சுப்பாதைக்கான கருவி வண்டியும் டான்ட்ரோலீனும் (மயக்க மருந்தால் உடல் வெப்பம் ஆபத்தாக ஏறினால் கொடுக்கும் மருந்து; முதல் டோஸ் கிலோவுக்கு 2.5 மி.கி.) பூட்டில்லாத பொது இடத்தில்தான் இருக்க வேண்டும். டான்ட்ரோலீனின் காலாவதித் தேதியை மாதாமாதம் பார்க்க ஒருவர் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பிஜி (முதுநிலை மாணவர்) போஸ்டிங்கிலும் இதே இழுபறி. அவர்களை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும் மாவட்ட உறைவிடப் பயிற்சி மூன்று மாதம். ஆண்டுக்கு 8 பிஜி சேரும் துறையில் அந்தக் கணக்குப்படி சராசரியாக எப்போதும் இருவர் இருக்க மாட்டார்கள். அந்த இருவர் எந்தப் பிரிவுக்குக் குறைகிறார்கள் என்பதை ஐந்து தலைவர்கள் கூடிப் பேசினால் அடுத்த மாத ரோஸ்டர் (டூட்டிப் பட்டியல்) 28-ஆம் தேதிவரை வெளிவராது. ரோஸ்டர் போடும் கை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே எங்கள் அளவுகோல் இது: ஒரு உட்துறையில் ஐந்து பேர் சேரும் வரை அதற்குத் தனி ஆன்-கால் வேண்டாம். ஐந்து பேரானால் ஆளுக்கு 6 இரவு, தாங்கும். அதுவரை 'பிரிவுத் தலைவர்' பட்டம் இல்லாமல் 'பொறுப்பாளர்' போதும். வாரத்தில் மூன்று நாள் தன் உட்துறை, இரண்டு நாள் வெளியே, இரவு பொது. ஐந்தான பிறகும் அந்த இரண்டு நாளை விட்டுவிடக் கூடாது.

துறைத் தலைவர் பதவி சீனியாரிட்டியிலா, மூன்றாண்டுச் சுழற்சியிலா என்பது தனிச் சண்டை. சீனியாரிட்டியில் ஓய்வுக்குப் பதினெட்டு மாதம் இருக்கும்போது நாற்காலி கிடைப்பவர் பெரிய கொள்முதலைத் தொடவே மாட்டார். சுழற்சியில் முதலாமாண்டு கோப்பைப் படிப்பதிலேயே போகும். டெண்டர் முடிவதற்குள் ஆள் மாறிவிடுவார். இருந்தாலும் எங்கள் ஓட்டு சுழற்சிக்குத்தான், ஒரு நிபந்தனையோடு. பதவி விடுபவர் மூன்று தாள்களைக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்: ஒவ்வொரு மயக்க இயந்திரத்துக்கும் வாரண்டி முடியும் நாளும் அதன்பின் பராமரிப்பு ஒப்பந்தம் தொடங்கும் நாளும், பாதியில் நிற்கும் கொள்முதல் கோப்புகள் இப்போது எந்த மேசையில் என்பது, அடுத்த ஐந்தாண்டில் யார் எந்த மாதம் ஓய்வு பெறுகிறார் என்பது. மூன்றாவது தாளைத்தான் யாரும் எழுதுவதில்லை. புதிய பிரிவு தொடங்கிய ஆறே மாதத்தில் அதன் தலைவர் ஓய்வு பெறுவது அதனால்தான்.